கோலார் தந்த சட்டம். கோலாரைக் காணாத ஆய்வாளர்

புது தில்லி: சுரங்கத்தில் இறங்கும் தொழிலாளியின் உயிருக்கு அரசும் பொறுப்பு என்ற எண்ணம் இந்தியாவில் சட்ட வடிவம் பெறக் காரணமாக இருந்த ஊர்களில் ஒன்று கோலார் தங்கவயல். 1897-ஆம் ஆண்டு அங்கு நேரிட்ட விபத்தில் 52 பேர் மாண்டனர். அதே காலகட்டத்தில், இன்று பாகிஸ்தானில் உள்ள பலூசிஸ்தானத்தின் கோஸ்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 47 பேர் உயிரிழந்தனர். 1890 முதல் பேச்சளவில் இருந்த சட்ட யோசனையை இவ்விரு விபத்துகளும் விரைவுபடுத்தின. 1901-இல் நாட்டின் முதல் சுரங்கச் சட்டம் பிறந்தது.

அச்சட்டம் பிறந்து சரியாக 100 ஆண்டுகள் கழித்து, 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. உற்பத்தி நின்றதும் ஆய்வாளரின் வருகையும் பொருளிழந்தது. ஆனால், சுரங்கம் விட்டுச்சென்ற ஆபத்துகள் அங்கேயே இருக்கின்றன. நீர் நிறைந்த ஆழ்குழிகள், நகரை ஒட்டிக் குவிந்து கிடக்கும் சயனைடு மேடுகள், நுரையீரலில் கல்தூசியைச் சுமந்தபடி வீடு திரும்பிய தொழிலாளர்கள் ஆகிய மூன்றையும் கண்காணிக்க வேண்டியது தில்லியா, பெங்களூரா, கோலார் மாவட்ட நிர்வாகமா என்ற கேள்விக்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டாகத் தெளிவான விடை இல்லை.

இக்கேள்வி இப்போது மீண்டும் அவசரமாகியிருக்கிறது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்துக்குச் சொந்தமான 13 கழிவு மேடுகளை ஏலத்தில் விடும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது. 1,003.4 ஏக்கர் பரப்பில் 3.3 கோடி டன் கழிவு அங்கே குவிந்து கிடக்கிறது. அதில் எஞ்சியுள்ள தங்கத்தைப் பிரித்தெடுப்பதே நோக்கம். மண்ணிலிருந்து தங்கம் எடுக்க வழிகாணும் அரசுகள், அந்த மண்ணருகே வாழ்வோரின் பாதுகாப்புக்கு யாரைப் பொறுப்பாக்கப் போகின்றன என்பதே தங்கவயல் மக்கள் எழுப்ப வேண்டிய, எழுப்பி வரும் வினா.

சமஸ்தானத்துக்குத் தனிச் சட்டம்: தங்கவயலின் விபத்து சட்டம் பிறக்கக் காரணமாக இருந்தபோதிலும், அச்சட்டத்தின் பயன் தங்கவயலுக்கு நேரடியாகக் கிட்டவில்லை. 1901-ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு உரியது. கோலாரோ மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1902 ஜனவரி 7-ஆம் தேதி கல்கத்தாவில் தொடங்கப்பட்ட சுரங்க ஆய்வு அலுவலகம் வங்காளம், பிகார் நிலக்கரி வயல்களை நோக்கியே தன் பார்வையைத் திருப்பியது. 1908-இல் அந்த அலுவலகம் தன்பாதுக்கு இடம்பெயர்ந்தது. அதுவே 1967 முதல் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் என்ற பெயரில் இயங்கி வருகிறது.

மைசூரில் நிலைமை வேறு. 1894-இல் அமைக்கப்பட்ட சமஸ்தானப் புவியியல் துறையே சுரங்க ஆய்வையும் கவனித்தது. அத்துறையின் இயக்குநராக இருந்த ஸ்மீத் என்பவரே சமஸ்தானத்தின் தலைமைச் சுரங்க ஆய்வாளரும் ஆவார். எடுக்கப்படும் தங்கத்துக்கு ராயல்டி பெற்றதும் அதே சமஸ்தானம்தான். சுரங்கம் ஓடினால் வருவாய் பெறும் அரசே, ஆபத்து எனத் தெரிந்தால் அதை நிறுத்தவும் வேண்டும் என்ற முரண்பாடு தங்கவயலில் தொடக்கத்திலேயே இருந்தது.

1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் நிர்வாகத்தை ஏற்ற பிறகு மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் ஆகிய சுரங்கங்கள் வளர்ந்தன. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்த தமிழர்கள், பெரும்பாலும் ஆதிதிராவிடர்கள், பூமிக்கடியில் இறங்கினர். உச்ச காலத்தில் 30,000 பேருக்கும் மேல் அங்கு வேலை செய்தனர்.

அவர்கள் மீதான கண்காணிப்புக்குக் குறைவில்லை. ஆனால் அக்கண்காணிப்பு உயிரைக் காக்க அமைந்ததன்று. தங்கத்தைக் காக்க அமைந்தது. தங்கத் திருட்டைத் தடுக்கத் தனி விதிகள் வந்தன. ஒரு வட்டத்தின் அளவே உள்ள தங்கவயலுக்கு இன்றும் தனிக் காவல் மாவட்டம், தனிக் காவல் கண்காணிப்பாளர் என்ற ஏற்பாடு இருப்பது அக்காலத்தின் எச்சம். 1930-இல் தொழிலாளர் அனைவரும் விரல் ரேகை பதித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று நிர்ப்பந்திக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தத்தில் இறங்கியதன் காரணமும் இதுவே. குற்றவாளிகளுக்குரிய நடைமுறை தங்கள் மீது சுமத்தப்படுவதாக அவர்கள் கருதினர்.

பாறை வெடித்த ஆழம்: உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாகக் கருதப்பட்ட சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியûசைத் தாண்டும். வெப்பத்தைக் காட்டிலும் பெரிய எதிரி பாறை வெடிப்பு. மேலிருந்து அழுத்தும் மலையளவு சுமையைத் தாங்கி நிற்கும் பாறையைக் குடைந்து வெளியேற்றும்போது, எஞ்சிய பாறையில் அழுத்தம் ஏறுகிறது. ஒரு கட்டத்தில் அது முன்னறிவிப்பின்றி வெடித்துச் சிதறுகிறது. பழைய ஆவணங்களில் இது 'ஏர் பிளாஸ்ட்' எனக் குறிக்கப்படுகிறது.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இவ்வெடிப்புகள் உணரப்பட்டன. 1912-இல் நில அதிர்வுமானி ஒன்று தங்கவயலில் நிறுவப்பட்டது. மரத்தூண்களுக்குப் பதிலாகக் கருங்கல் சுவர்களை அடுக்கி, குடைந்த வெற்றிடத்தை நிரப்பும் முறை வந்தது. அப்படியிருந்தும் 1962-இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஏற்பட்ட பெரும் வெடிப்பு பரந்த பகுதியைச் சிதைத்தது. 1978-இல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையுடன் நில அதிர்வுக் கண்காணிப்பு வலையமைப்பு அமைந்தது. 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டது. நாட்டின் அணைகள், சுரங்கப் பாதைகள், நிலக்கரிச் சுரங்கங்கள் பலவற்றுக்கு இன்று ஆலோசனை கூறும் அந்நிறுவனத்தின் அறிவு, கோலார் தொழிலாளர்களின் உயிரிழப்புகளிலிருந்து திரண்டது என்றால் மிகையன்று.

இவ்வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. ஆழச் சுரங்கத்தில் பாதுகாப்பு என்பது ஆண்டுக்கு ஒருமுறை வந்து பதிவேட்டில் கையொப்பமிடும் ஆய்வாளரால் மட்டும் கிட்டுவதன்று. நாள்தோறும் அளக்கும் கருவி, அந்த அளவைப் படிக்கத் தெரிந்த பொறியாளர், அவர் சொல்வதைக் கேட்டு வேலையை நிறுத்தும் நிர்வாகம், நிறுத்தாவிட்டால் தண்டிக்கும் சட்டம் ஆகிய நான்கும் ஒருங்கே இருக்க வேண்டும். சுரங்கம் மூடப்பட்டபோது இந்த நான்கில் எதுவும் தங்கவயலில் முழுமையாக எஞ்சவில்லை.

மூன்று அடுக்கு அதிகாரம்: சுரங்கத் தொழிலாளரின் பாதுகாப்பு அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மத்தியப் பட்டியலில் 55-ஆவது இனமாக உள்ளது. அதாவது, மாநிலங்களுக்கு இதில் சட்டமியற்றும் உரிமை இல்லை. 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் இந்த அதிகாரத்தின்படி இயற்றப்பட்டது. அதைச் செயல்படுத்தும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் வருகிறது.

உற்பத்தியைக் கவனிப்பது வேறு கை. நிலக்கரி என்றால் நிலக்கரி அமைச்சகம். தங்கம், இரும்பு என்றால் சுரங்க அமைச்சகமும் நாகபுரியில் உள்ள இந்தியச் சுரங்க அலுவலகமும். நிலத்தைக் குத்தகைக்குத் தருவதும் ராயல்டி பெறுவதும் மாநில அரசின் கனிமத் துறை. காற்று, நீர் மாசு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பு. வெடிமருந்துக்கு மற்றொரு மத்திய அமைப்பு. இவை அனைத்தும் வந்து சேரும் இடம் மாவட்டம். ஆனால் மாவட்டத்துக்கு உள்ள அதிகாரம் மிகச் சிறிது.

1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, மத்திய அரசின் உத்தரவுகளுக்கு உட்பட்டு, மாவட்ட நடுவர் சுரங்க ஆய்வாளரின் அதிகாரங்களைச் செலுத்தலாம் என்று கூறியது. படிப்பதற்கு இது பெரிய அதிகாரமாகத் தோன்றும். ஆயினும் அதே பிரிவு, ஆபத்தான சுரங்கத்தில் வேலையை நிறுத்தும்படி உத்தரவிடும் அதிகாரத்தை அவருக்குத் தரவில்லை. அந்த அதிகாரம் தலைமை ஆய்வாளருக்கும் அவரது ஆய்வாளர்களுக்குமே உரியது. மாவட்ட ஆட்சியர் உள்ளே சென்று பார்க்கலாம், நிறுத்த முடியாது. பாறையின் போக்கை அறிந்த நிபுணர்களும் அவரிடம் இல்லை. விபத்து நேர்ந்ததும் மக்கள் முதலில் முற்றுகையிடுவது மட்டும் அவரது அலுவலகத்தைத்தான்.

இந்தப் பிளவின் விளைவைக் காண தங்கவயலிலிருந்து வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. 2007-இல் கோலாரிலிருந்து பிரிக்கப்பட்ட சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தில், 2021 பிப்ரவரியில், கல்குவாரிக்காகச் சட்டவிரோதமாக வைத்திருந்த ஜெலட்டின் குச்சிகளை அப்புறப்படுத்தும் முயற்சியின்போது அவை வெடித்து 6 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு மே மாதம் திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து 4 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். உரிமம் ஒரு துறை, வெடிமருந்து ஒரு துறை, தொழிலாளர் பாதுகாப்பு ஒரு துறை என்று பிரிந்து கிடக்கும்போது, ஒவ்வொன்றும் மற்றொன்றைக் கைகாட்டுவது எளிதாகிவிடுகிறது.

நிலக்கரி கற்பித்த பாடம்: சுரங்கக் கண்காணிப்பில் இந்தியா கற்ற பாடங்களில் பெரும்பாலானவை நிலக்கரி வயல்களில் கற்றவை. 1965 மே 28-இல் தன்பாதை அடுத்த தோரி சுரங்க வெடிப்பில் 268 பேர் பலியாயினர். அப்போது சுரங்கங்கள் பெரும்பாலும் தனியார் வசம் இருந்தன. லாபத்துக்காகப் பாதுகாப்பைப் பலியிடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு, 1973-இல் நிறைவடைந்த நிலக்கரி தேசியமயமாக்கலுக்கு வலுவூட்டிய வாதங்களுள் ஒன்று.

ஆனால் உரிமையாளர் மாறினால் மட்டும் போதாது என்பதை 1975 டிசம்பர் 27-ஆம் தேதி நிகழ்ந்த சாஸ்நாலா பேரழிவு காட்டியது. அரசு நிர்வாகத்தின் கீழ் வந்துவிட்ட அச்சுரங்கத்தில், மேலே இருந்த பழைய, கைவிடப்பட்ட குடைவுகளில் தேங்கிய நீர் திடீரெனப் பாய்ந்தது. அதிகாரப்பூர்வக் கணக்கின்படி 375 பேர் மாண்டனர். விசாரணை நீதிமன்றம் அமைக்கப்பட்டது. வழக்கோ இழுத்துக்கொண்டே போயிற்று. 37 ஆண்டுகள் கழித்து 2012-இல், ஓய்வு பெற்ற அதிகாரிகள் இருவருக்குத் தன்பாத் நீதிமன்றம் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

1995 செப்டம்பரில் கஸ்லிதாந்த் சுரங்கத்தில் நீர் புகுந்து 64 பேர் இறந்தனர். 2001 பிப்ரவரி 2-ஆம் தேதி பாக்திகி சுரங்கத்தில், பக்கத்திலிருந்த பழைய சுரங்கத்தின் நீர் உடைத்துக்கொண்டு வந்ததில் 29 பேர் மாண்டனர். அந்தச் செய்தி ஓய்வதற்குள், அதே மாதத்தின் கடைசி நாளில் தங்கவயல் மூடப்பட்டது. நீரை வெளியேற்றிய பம்புகள் நின்றன. நூறாண்டுகளுக்கும் மேலாகத் தோண்டப்பட்ட குடைவுகள் நிரம்பத் தொடங்கின.

இவ்விபத்துகளை இணைத்துப் பார்த்தால் ஒரு பொதுவான காரணம் புலப்படும். தொழிலாளியைக் கொன்றது பல வேளைகளில் அவன் வேலை செய்த சுரங்கம் அன்று. அதற்கு மேலோ பக்கத்திலோ இருந்த, எல்லோரும் மறந்துவிட்ட பழைய சுரங்கம். வரைபடம் தவறாக இருந்தாலோ, நடுவே விட வேண்டிய பாறைத் தடுப்பின் தடிமன் குறைந்தாலோ, மறந்த நீர் திரும்பி வருகிறது. மூடிய சுரங்கத்தைக் கண்காணிப்பது இறந்த காலத்தைக் காவல் காக்கும் வீண் வேலையன்று என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

கணக்கில் வராத சுரங்கங்களின் நிலை இன்னும் மோசம். மேகாலயத்தில் எலிவளைச் சுரங்கங்களுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் தடை விதித்தது. 2018 டிசம்பரில் அம்மாநிலத்தின் க்சான் பகுதியில் நீர் புகுந்து 15 பேர் சிக்கினர். 2025 ஜனவரியில் அசாம் மாநிலம் உம்ராங்சோவில் இதேபோல் 9 பேர் சிக்கி மாண்டனர். உரிமம் இல்லாத சுரங்கத்துக்கு ஆய்வாளர் வருவதில்லை. ஏனெனில் அவரது பட்டியலில் அது இல்லை. உற்பத்தி நின்ற சுரங்கமும் பட்டியலின் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. இரண்டிலும் இறங்குவோர் ஏழைகள் என்பது மட்டும் மாறுவதில்லை.

மூடியவர்கள் மறந்தவை: தங்கவயல் சுரங்கங்களை மைசூர் மாநில அரசு 1956-இல் கையகப்படுத்தியது. 1962-இல் அவை மத்திய அரசுக்கு மாற்றப்பட்டன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. சுமார் 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குத் தங்கம் தந்த வயல், நட்டத்தைக் காரணம் காட்டி மூடப்பட்டது.

மூடும் முறையில்தான் பெரும் குறை. சுரங்கத்தை மூடுவதற்கு முன் நிலத்தைச் சீரமைப்பது, குழிகளை அடைப்பது, கழிவுகளைப் பாதுகாப்பது, தொழிலாளர் மறுவாழ்வு ஆகியவற்றுக்கான திட்டத்தைச் சமர்ப்பித்து ஒப்புதல் பெற வேண்டும் என்ற விதி, கனிமப் பாதுகாப்பு விதிகளில் 2003 ஏப்ரலில்தான் சேர்க்கப்பட்டது. தங்கவயல் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே மூடப்பட்டுவிட்டது. 1897-இல் சட்டம் வருவதற்கு முன் விபத்து. 2001-இல் விதி வருவதற்கு முன் மூடல். இரு முறையும் அவ்வூர் சட்டத்தை முந்திக்கொண்டது.

சுரங்கங்களில் பயன்படுத்தாத குழிவாய்களை வேலியிட்டு அடைக்க வேண்டும் என்பது பழைய விதிகளிலேயே உள்ளதுதான். ஆனால் செயல்படாத நிறுவனத்தின் சொத்தாக ஆயிரக்கணக்கான ஏக்கர் பரவிக் கிடக்கும்போது, அதைக் காக்க ஆளில்லை. 2020 மே மாதம் மாரிக்குப்பத்தில் கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்றுக்குள் இறங்கியவர்களில் மூவர் மாண்டனர். தங்கத்தாதுவைத் திருட இறங்கியவர்கள் என்று காவல் துறை கூறியது. குழிவாய் திறந்திருந்ததற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அந்தக் குற்ற வழக்கின் நிழலில் மறைந்துபோனது.

குடைவுகளில் நீர் ஏறியதால் பாறையின் அழுத்த நிலை மாறுவதையும், அதனால் நில அதிர்வுகள் ஏற்படுவதையும் பாறை இயக்கவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சுரங்கம் மூடிய பின்னரும் பதிவு செய்துள்ளனர். அதிர்வை அளப்பது அறிவியல் நிறுவனத்தின் வேலை. அந்த அளவைக் கொண்டு எந்தப் பகுதியில் வீடு கட்டக் கூடாது, எந்தக் குழியை முதலில் அடைக்க வேண்டும் என்று முடிவெடுப்பது நிர்வாகத்தின் வேலை. இவ்விரண்டுக்கும் இடையே பாலம் அமையவில்லை.

நுரையீரலில் எஞ்சிய கல்: உடனே கொல்லும் ஆபத்துகளைச் சட்டம் ஓரளவு எண்ணிப் பார்க்கிறது. மெல்லக் கொல்லும் ஆபத்து கணக்கில் வருவதில்லை. இந்தியாவில் சிலிக்கோசிஸ் என்னும் கல்தூசி நோய் முதன்முதலாக அறிவியல் முறையில் பதிவானது கோலார் தங்கவயலில்தான். 1940-களில் அங்கு 7,653 தொழிலாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில் 43.7 சதவீதத்தினருக்கு இந்நோய் இருந்தது தெரியவந்தது. 1947-இல் அந்த முடிவுகள் வெளியாயின. 1952-இல் இது அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

துளையிடும்போது எழும் நுண்ணிய கற்தூசி நுரையீரலில் படிந்து, ஆண்டுகள் பல கழித்தும் மூச்சை அடைக்கும். காசநோயுடன் எளிதில் குழப்பிக்கொள்ளப்படும். மருத்துவப் பரிசோதனை என்னும் சட்டக் கடமையோ பணியில் இருக்கும் தொழிலாளியை மையமாகக் கொண்டது. வேலை போன பின்னர் வரும் மூச்சுத்திணறலுக்குப் பொறுப்பேற்க நிர்வாகம் இல்லை, சுரங்கமும் இல்லை. சாம்பியன் ரீஃபில் இருந்த சுரங்க நிறுவனத்தின் பெரிய மருத்துவமனையும் சுரங்கத்தோடு மூடப்பட்டது. 2021-இல் கரோனா இரண்டாம் அலையின்போது தன்னார்வலர்கள் அதைச் சுத்தம் செய்து திறந்த பிறகே நாட்டுக்கு அதன் நினைவு வந்தது.

இவ்விஷயத்தில் ராஜஸ்தான் ஒரு வழியைக் காட்டியுள்ளது. அம்மாநிலம் 2019-இல் வெளியிட்ட கொள்கையின்படி, மருத்துவக் குழு சிலிக்கோசிஸ் எனச் சான்றளித்தவருக்கு ரூ.3 லட்சமும், அவர் இறந்தால் குடும்பத்துக்கு மேலும் ரூ.2 லட்சமும் அளிக்கப்படுகிறது. முதலாளி யார் என்று தொழிலாளி நிரூபிக்கத் தேவையில்லை. மாவட்ட அளவிலேயே நோயைக் கண்டறியும் ஏற்பாடு அதன் சிறப்பு.

தங்கவயலுக்கு அந்த வழியிலும் ஒரு தடை உண்டு. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்காக 2015-இல் உருவாக்கப்பட்ட மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி, இயங்கும் சுரங்கங்கள் செலுத்தும் ராயல்டியைப் பொறுத்தது. 2001-இல் நின்றுவிட்ட தங்கச் சுரங்கத்திலிருந்து அதற்கு ஒரு ரூபாயும் வர வழியில்லை. நூற்றாண்டுக் காலம் தங்கம் தந்த ஊர், தங்கத்தின் பெயரால் வரும் நிதிக்குத் தகுதியற்றதாகிவிட்டது.

புதிய தொகுப்பு, பழைய ஐயம்: 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் உள்பட 13 சட்டங்களை உள்ளடக்கிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பை நாடாளுமன்றம் 2020 செப்டம்பரில் நிறைவேற்றியது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆய்வாளர் என்ற பதவி இனி ஆய்வாளரும் வழிகாட்டுநரும் என்று மாறுகிறது. எந்த நிறுவனத்தை எப்போது ஆய்வு செய்வது என்பதைக் கணினி வழியாகத் தீர்மானிக்கவும் வழி செய்யப்பட்டுள்ளது.

அதிகாரிகளின் விருப்பு வெறுப்புக்கும் லஞ்சத்துக்கும் இடமில்லாமல் செய்வதே இதன் நோக்கம் என்கிறது மத்திய அரசு. ஆய்வாளரின் கை கட்டப்படுகிறது, முன்னறிவிப்பின்றி வருவார் என்ற அச்சமே நிர்வாகங்களுக்கு இல்லாமல் போகும் என்கின்றன தொழிற்சங்கங்கள். இரு தரப்பு வாதத்திலும் உண்மை இருக்கலாம். ஆனால் இரண்டுமே இயங்கும் தொழில்களைப் பற்றியவை. பட்டியலில் பெயர் உள்ள சுரங்கத்தையே கணினியும் தேர்ந்தெடுக்கும். பட்டியலிலிருந்து விழுந்துவிட்ட சுரங்கத்தை எந்தக் கணினியும் தேடிச் செல்வதில்லை.

500 பேருக்கு மேல் பணிபுரியும் சுரங்கங்களில், தொழிற்சங்கத்தைக் கலந்து தொழிலாளர் தரப்பு ஆய்வாளர்களை நியமிக்கும் ஏற்பாடு 1955-ஆம் ஆண்டு விதிகளில் இடம்பெற்றிருந்தது. ஆபத்தை முதலில் அறிபவன் அங்கே நிற்பவன்தான் என்ற எளிய உண்மையின் அடிப்படையில் அமைந்த ஏற்பாடு அது. ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டு நடத்தப்படும் இன்றைய சுரங்கங்களில் இந்த ஏற்பாட்டுக்கு என்ன இடம் என்பதும் விவாதிக்கப்பட வேண்டியது.

ஏலத்துக்கு முன்: சயனைடு மேடுகள் ஏலம் போனால் தங்கவயலுக்கு வேலைவாய்ப்பு வரும் என்ற நம்பிக்கை நியாயமானது. நாள்தோறும் விடிவதற்கு முன் ரயிலேறி பெங்களூருக்குக் கூலி வேலைக்குச் சென்று திரும்பும் மக்களின் ஊர் அது. அந்த நம்பிக்கையைக் கொச்சைப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை.

அதே நேரத்தில், பல்லாண்டுகளாக இறுகிக் கிடக்கும் 3.3 கோடி டன் கழிவைக் கிளறுவது எளிய காரியமன்று. இப்போதே கோடைக்காற்றில் பறக்கும் வெண்தூசி, தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குள் படிகிறது. தோண்டி, ஏற்றி, மீண்டும் இரசாயனத்தில் கரைக்கும்போது தூசியும் கழிவுநீரும் பன்மடங்காகும். சட்டப்படி சுரங்கக் கழிவைக் கொட்டும் இடமும் சுரங்கத்தின் பகுதியே. எனவே வேலை தொடங்கும் நாளில் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் பொறுப்பும் தொடங்கிவிடும். அந்த நாளுக்காகக் காத்திருக்காமல், ஏல நிபந்தனைகளிலேயே பாதுகாப்பை எழுதிவிடுவது அரசுகளால் இயலாத செயலன்று.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவையும் அல்ல. திறந்து கிடக்கும் குழிவாய்கள் எத்தனை, அவை எங்கே உள்ளன என்ற பட்டியலைக் கோலார் மாவட்ட நிர்வாகம் வெளியிடலாம். பழைய குடைவுகளின் வரைபடங்களைப் பாதுகாத்து, நகரின் கட்டட அனுமதியோடு இணைக்கலாம். சுரங்கத்தில் வேலை பார்த்த அனைவருக்கும் நுரையீரல் பரிசோதனை நடத்தி, ராஜஸ்தானைப் போல நிவாரணம் அளிக்கலாம். ஏலத்தில் வரும் தொகையில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கலாம். தூசியை அளக்கும் கருவிகளைப் பொருத்தி, அளவுகளைத் தமிழிலும் கன்னடத்திலும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பாதிப்பு நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டிய அதிகாரி ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்கலாம்.

இந்தியாவில் சுரங்கச் சட்டங்கள் பெரும்பாலும் பிணங்களை எண்ணிய பிறகே எழுதப்பட்டுள்ளன. 1901-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் கோலார் 52 உயிர்களை விலையாகக் கொடுத்தது. மூடிய சுரங்கங்களுக்கும் ஒரு கண்காணிப்பு வேண்டும் என்ற அடுத்த சட்டத்துக்கு அதே ஊர் மீண்டும் விலை கொடுக்க நேரக்கூடாது. ஏல அறிவிப்பில் தங்கத்தின் மதிப்பைக் கணக்கிடும் வரிகளுக்கு அருகே, மக்களின் பாதுகாப்புக்கு எத்தனை வரிகள் இடம்பெறுகின்றன என்பதே இரு அரசுகளின் அக்கறையையும் அளக்கும் அளவுகோலாக இருக்கும்.